காரைக்குடிப் பக்கம் ஒரு சின்ன டிரெய்லர் ஆபீஸ்: 14 மாதம் ஓட்டியவன் சொல்வது

காரைக்குடிப் பக்கம் 5 டிரெய்லர் வைத்து நடத்தும் ஒரு சின்ன ஆபீஸில் 14 மாதமாக வண்டி ஓட்டுகிறேன். எல்லாம் 40 அடி வண்டி. பக்கப்பலகை, கூண்டு எதுவும் கிடையாது, வெறும் தளம்தான். புதிதாக ஹெவி லைசன்ஸ் எடுத்த பையன்கள் "அண்ணே, அங்க சேரலாமா, எவ்வளவு தருவாங்க?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். டீக்கடையில் நின்றபடி சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். குறையும் சொல்லப் போவதால் ஆபீஸ் பெயரைப் போடவில்லை.

முதலில் கேட்க வேண்டியது சம்பளம் இல்லை. "லோடு கட்ட எவ்வளவு நேரம் தருவீங்க, கட்டுறதுக்கு என்னென்ன சாமான் தருவீங்க?" என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலை வைத்தே அந்த ஆபீஸை எடை போட்டுவிடலாம். கூண்டு வண்டியிலும் கன்டெய்னரிலும் சரக்கு கொஞ்சம் நகர்ந்தால் சுவர் தாங்கும். தள வண்டியில் சுவரே இல்லை, லோடைக் கட்டுகிற பெல்ட்டும் செயினும்தான் சுவர். பிரேக் அடித்தால் வண்டி நிற்கும், லோடு நிற்காது. அது நேராக வருவது நம் முதுகுக்குத்தான்.

இங்கே சேர்ந்ததும் முதல் 3 டிரிப் ஒரு பெரியவரோடு அனுப்பினார்கள். 30 வருஷத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடித்தவர். முதல் லோடு திருச்சி துவாக்குடியில் ஒரு பேப்ரிகேஷன் ஷெட்டிலிருந்து புதுவயல் ரைஸ்மில்லுக்கு நெல் ஊறவைக்கிற இரும்புத் தொட்டி. கிரேன்காரன் அவசரப்படுத்தினான். நானும் விறுவிறுவென்று 4 பெல்ட் போட்டு, பெல்ட்டை இறுக்குகிற ராட்செட்டை ஏறும் மட்டும் ஏற்றிவிட்டு "சரிண்ணே, கிளம்பலாம்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்துகொண்டார்.

புதுக்கோட்டை ரோட்டில் ஏறி, கீரனூர் வருவதற்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னார். "இறங்கிப் பாருப்பா." பின்னால் இருந்த 2 பெல்ட்டும் ஒரு சாண் தொங்கின. ஷெட்டில் கல் மாதிரி இறுகியிருந்த அதே பெல்ட்கள். தொட்டிக்கு அடியில் வைத்த கட்டைகள் குலுங்கிக் குலுங்கிப் படிந்துவிட்டன, அதனால் பெல்ட் தளர்ந்துவிட்டது. அதைவிட மோசம் 3வது பெல்ட். தொட்டியின் விளிம்புப் பட்டை மேல் நேராகப் போட்டிருந்தேன். பெரியவர் என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். பஞ்சு மாதிரி நூல் பிரிந்து நின்றது, அகலத்தில் கால்வாசி அறுந்திருந்தது. இன்னொரு 50 கிலோமீட்டர் போயிருந்தால் மொத்தமும் போயிருக்கும்.

டூல் பெட்டியிலிருந்து பழைய டயர்த் துண்டு ஒன்றை எடுத்து விளிம்பு மேல் மடித்து வைத்து, வேறு பெல்ட் போட்டார். அப்புறம் தொட்டியின் 2 பக்கமும் ஆப்பு அடித்து, முன்னால் நகராமல் இருக்க ஒரு செயினைக் குறுக்கே போட்டார். "மேல இருந்து அமுக்குறது பெல்ட்டு வேல. முன்னால போகாமப் பிடிக்கிறது வேற வேல. ரெண்டுக்கும் தனித்தனியாக் கட்டணும்." 40 நிமிஷம் ஆனது. அதற்குள் ஆபீஸிலிருந்து போன் வந்தது. "கட்டிக்கிட்டு இருக்கோம்" என்றார் பெரியவர். "சரிண்ணே, கட்டிட்டு வாங்க" என்று முதலாளி வைத்துவிட்டார். இந்த ஆபீஸில் இருக்கலாம் என்று நான் முடிவு செய்தது அந்த இடத்தில்தான். இதற்கு முன் இருந்த பெரிய கம்பெனியில் ஜிபிஎஸ்ஸில் வண்டி 10 நிமிஷம் நின்றாலே "ஏன் நிக்குது?" என்று கேட்பார்கள். காரணம் சொன்னாலும் காதில் வாங்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து முதல் 20, 30 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்திப் பார்க்காமல் நான் போனதே இல்லை. அதன் பிறகு டீக்கு நிறுத்தும்போதெல்லாம் ஒரு சுற்று. பெல்ட்டில் தைத்திருக்கும் லேபிளையும் படித்துப் பழகுங்கள். எத்தனை டன் தாங்கும் என்று அதில் இருக்கும். லேபிள் கிழிந்த பெல்ட்டை நம்பாதீர்கள். இரும்பு மேல் இரும்பை வைக்காதீர்கள், வழுக்கும். நடுவில் கட்டையோ ரப்பரோ கட்டாயம் வேண்டும்.

சரி, பணம். மாதம் 18,000 சம்பளம், ஓடுகிற நாளுக்கு 500 பேட்டா. டோல் பாஸ்டாக்கில் போய்விடும், டீசலுக்குக் கார்டு. மைலேஜ் குறைந்தால் நம் கையிலிருந்து பிடிக்கிற வழக்கம் இங்கே இல்லை. அது பெரிய நிம்மதி. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் குவாரி வேலை படுத்துவிட்டால் வண்டி நிற்கும், பேட்டா நின்றுவிடும். போன கார்த்திகையில் எனக்கு மொத்தம் 9 நாள்தான் ஓட்டம். வீட்டுக் கடன் தவணை இருக்கிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை ஹால்டிங், அதாவது லோடோடு காத்துக் கிடக்கிற நாளுக்கான பணம். துறைமுகப் பக்கம் ஒரு யார்டில் கருங்கல் இறக்க 3 நாள் காத்துக் கிடந்தேன். நிழல் இல்லை, குளிக்கத் தண்ணீர் இல்லை. திரும்பி வந்து கேட்டால் "பார்ட்டி ஹால்டிங் தரலையே, நான் எங்கே போக?" என்றார் முதலாளி. ஒருவகையில் அது உண்மைதான். சின்ன ஆபீஸுக்கு வாடகைப் பணம் வரவே 30, 45 நாள் ஆகிறது, அதற்குள் டீசலுக்கும் டயருக்கும் அவர் கையிலிருந்து போடுகிறார். ஆனாலும் காத்திருந்தது என் உடம்பு. 2 நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, முதல் நாள் போக மற்ற நாளுக்கு 300 என்று ஒத்துக்கொண்டார். அந்தப் பணம் 10 நாள் கழித்து வந்தது. நீங்கள் சேரும்போதே இதைப் பேசி, ஒரு நோட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சில் விடாதீர்கள், அவருக்கும் மறந்துவிடும்.

ஓவர்லோடு விஷயத்தில் முதலாளி கறார். கருங்கல் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.7 டன் இருக்கும். பார்க்கச் சின்னதாகத் தெரியும், எடை மேடையில் ஏற்றினால்தான் புரியும். 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதோடு கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. லோடு வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குத் தனியாக 20,000. "கொஞ்சம்தானேப்பா, போயிடலாம்" என்று குவாரியில் சொல்வார்கள். "எடை போட்டுட்டு போறேண்ணே" என்று சொல்லிவிடுங்கள். எங்கள் ஆபீஸ் அதற்கு நம் பக்கம் நிற்கும். நான் 2 தடவை ஒரு கல்லை இறக்கிவிட்டு வந்திருக்கிறேன், ஒரு வார்த்தை திட்டு வாங்கவில்லை.

எனக்குப் பிடித்த லோடு எது என்று கேட்டால் வீட்டுத் தூண்தான். நம் பக்கத்துப் பழைய வீடுகள் பிரிக்கப்படும்போது பர்மா தேக்குத் தூண், நிலை, உத்தரம் எல்லாம் வெளியூர் போகிறது. செட்டிநாட்டுத் தெருக்கள் நூல் பிடித்தமாதிரி நேராக இருக்கும். ஆனால் 40 அடி வண்டியைத் திருப்ப இடம் இருக்காது, மேலே கரண்ட் கம்பியும் தாழ்வு. அதனால் டிரெய்லரை ஊரணிக் கரையில் நிறுத்திவிட்டு, டிராக்டரில் கொண்டுவந்து ஏற்றுவோம். போன தை மாதம் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் 12 தூண். கொச்சியில் ஒரு ஹோட்டலுக்குப் போகிறது. தேக்கில் பெல்ட் நேராகப் பட்டால் தழும்பு விழும். வைக்கோல் பிரி சுற்றி, மேலே சாக்கு, அதற்கும் மேலே மரச்சட்டம் வைத்து, சட்டத்தின் மேல்தான் பெல்ட். காலையில் 7 மணிக்கு ஆரம்பித்து மதியம் 2 மணி வரை கட்டினோம். அந்த வீட்டு ஆச்சி ஊரணிக் கரை வரைக்கும் வந்து, கடைசித் தூணைத் தொட்டுப் பார்த்து, "தம்பி, பத்திரமாக் கொண்டுபோய்ச் சேத்துருவீகள்ல?" என்றார். "சேத்துருவோம் ஆச்சி" என்றேன். கம்பம், குமுளி வழி போனால் கிட்டம்தான், ஆனால் நீள வண்டிக்கு அந்த மலை வளைவுகள் ஆகாது. திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு என்று சுற்றிப் போய் இறக்கினோம். சாக்கைப் பிரித்தபோது ஒரு கீறல் இல்லை. அதை போட்டோ எடுத்து ஆச்சி வீட்டுக்கு அனுப்பினேன்.

பாதுகாப்பு பற்றி யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு) 10 பேர், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 20 பேர் வேலை பார்க்கும் இடத்துக்குத்தான் கட்டாயம். 5 வண்டி ஆபீஸில் இரண்டும் இருக்காது. பெரிய கம்பெனியிலிருந்து வருகிறவர்களுக்கு இது நிஜமான இழப்பு. வண்டி இன்சூரன்ஸில் டிரைவருக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்களா என்று பாலிசியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வங்கிக் கணக்கில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டை உடனே போடுங்கள், 2 லட்சம் வரை கிடைக்கும். அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்திலும் பதிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, 1961ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 5 பேர் வேலை செய்யும் இடத்துக்கே பொருந்தி வந்தது, 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்து அதை எடுத்துவிட்டது. பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்பது அந்தப் பழைய சட்டத்தின் கணக்கு. எங்கள் ஆபீஸில் அது அப்படியே நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் "தூக்கம் வருது, படுத்துட்டு விடியக்காலைல எடுக்கிறேன்" என்று சொன்னால் மறுபேச்சு இருக்காது.

வண்டிப் பராமரிப்பு பரவாயில்லை. சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வண்டியில் பின் ஆக்சில் டயர் ஒன்று வழவழவென்று இருந்தது. எடுக்க மாட்டேன் என்றேன். முதலாளி முகம் சுளித்தார், சாயங்காலம் மாற்றிக் கொடுத்தார். பிரேக் வேலையும் தள்ளிப் போட மாட்டார். கேபின் மட்டும் பழசு, ஏசி கிடையாது. 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் பெரிய லாரிகளுக்குத்தான் ஏசி கேபின் கட்டாயம், எங்கள் வண்டிகள் அதற்கு முந்தியவை. சித்திரை வெயிலில் மதியம் ஓட்டுவது கஷ்டம்தான். நான் பெரும்பாலும் விடியற்காலை 4 மணிக்கு எடுத்து 11க்குள் ஒதுங்கிவிடுவேன்.

வீட்டுக்கு வருவது இந்த வேலையின் பெரிய லாபம். திருச்சி, மதுரை, தூத்துக்குடி என்று பக்கத்து ஓட்டம் அதிகம், வாரத்தில் 3 ராத்திரியாவது கோட்டையூரில் என் வீட்டில் படுக்கிறேன். பெரிய கம்பெனியில் இருந்தபோது மகளின் முதல் 2 வயதை நான் போனில்தான் பார்த்தேன்.

சேரலாமா என்றால், லோடு கட்டுவதில் ஆசை இருக்கிறவர்கள் தாராளமாகச் சேரலாம். ஸ்டியரிங் மட்டும் போதும், ஏற்றுவதும் கட்டுவதும் வேறு ஆள் வேலை என்று நினைக்கிறவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது.

போன வாரம் என் வண்டிக்கு 2 புது பெல்ட் கேட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. பழைய பெல்ட் இரண்டையும் மூலையில் போட்டேன். பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, யாரும் தெரியாமல் எடுத்துக் கட்டிவிடக் கூடாது என்று அரிவாளால் முழ நீளத்துக்கு வெட்டினார். அந்தத் துண்டுகள் இப்போது டயர்த் துண்டுகளோடு என் டூல் பெட்டியில் இருக்கின்றன, விளிம்பு மேல் மடித்து வைக்க.