எண்ணும் எழுத்தும்: இரண்டாம் வகுப்புப் பையனின் அப்பா பார்வையில்

கொரோனா காலத்தில் விட்டுப்போன படிப்பைச் சரிக்கட்ட 2022 ஜூனில் தமிழக அரசு கொண்டுவந்த திட்டம் இது. முதலில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு, மறு ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும். 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் அடிப்படை எழுத்தும் கணக்கும் வந்துவிட வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு.

எனக்குப் பிடித்தது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிப்பதுதான். வயதை வைத்து இல்லை, பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை வைத்து. என் மகன் அரும்பில் ஆரம்பித்தான். 'ல'வும் 'ள'வும் குழம்பும். புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்துக் கூட்டல் போட்டான். தரையெல்லாம் கொட்டை, அம்மாவிடம் திட்டு வேறு. இப்போது பேருந்துப் பலகையைத் தானே வாசிக்கிறான், 'திருவள்ளூர்' உட்பட.

குறையும் உண்டு. செயலியில் மதிப்பீடு ஏற்றுவதற்கே எங்கள் பள்ளி டீச்சருக்குப் பாதி நேரம் போகிறது. சிக்னல் கிடைக்காமல் வேப்பமரத்தடியில் செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்பார், உள்ளே பிள்ளைகள் ஒரே சத்தம். அந்த வேலைக்குத் தனியாக ஓர் ஆளைப் போடலாம். ஐந்துக்கு நான்கு ஸ்டார்.