செந்தோசாவில் தங்கினால் மளிகைக்கு எந்த வழி?

சிங்கப்பூர் போய் செந்தோசா தீவில் அறை எடுத்தவர்களுக்கு முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் தயிர், வாழைப்பழம், குழந்தைக்குப் பால் என்று தேடும்போதுதான் தீவின் குணம் புரியும். உள்ளே சாப்பாட்டுக் கடைகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் மளிகைக்குப் பெரும்பாலும் பாலம் தாண்ட வேண்டியிருக்கும். அதற்காக வாடகைக் கார் எடுக்க வேண்டியதில்லை. பாலத்துக்கு அந்தப்பக்கம் விவோசிட்டி வணிக வளாகம், அதை ஒட்டியே ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம். கைவீசிக்கொண்டு வெளியே போவதற்கு எந்த வழியும் நல்ல வழிதான். பையோடு திரும்பும் வழியை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

பலரும் பழக்கத்தில் ஏறுவது செந்தோசா எக்ஸ்பிரஸ், அந்த மோனோரயில். தீவுக்குள் நிலையம் விட்டு நிலையம் போக இலவசம், வெளியே வரவும் இலவசம். விவோசிட்டி நிலையத்தில் ஏறி உள்ளே வரும்போது மட்டும் தலைக்கு 4 வெள்ளி (அங்கே டாலரைத் தமிழர்கள் வெள்ளி என்பார்கள்). மறந்துபோன ஒரு பால் பாக்கெட்டுக்காக ஓடினாலும் அதே 4 வெள்ளிதான். தவிர, பேரங்காடி கீழே, நிலையம் மூன்றாம் மாடியில். வார இறுதி மாலைகளில் பைகளோடு லிஃப்டுக்கு நிற்பது எரிச்சலான வேலை.

காசே ஆகாத வழி போர்டுவாக். விவோசிட்டியின் கடலோரப் பக்கத்திலிருந்து தீவின் ரிசார்ட்ஸ் வேர்ல்டு கேளிக்கை வளாகம் வரை கூரையிட்ட நடைபாதை, இடையிடையே நகரும் பாதை, பத்துப் பதினைந்து நிமிட நடை. கடற்கரைப் பக்கம் தங்கியிருப்பவர்கள் ‘நமக்கு அது தூரம்’ என்று இதை ஒதுக்கிவிடுகிறார்கள். நடந்து வந்து ரிசார்ட்ஸ் வேர்ல்டு நிலையத்தில் எக்ஸ்பிரஸில் ஏறினால் இம்பியா, பீச் இரண்டு நிலையங்களுக்கும் இலவசம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கைக்கு இரண்டு கிலோ வரை சுகமான வழி. காற்றோடு மழை அடித்தால் கூரை இருந்தும் ஓரம் நனையும், காகிதப் பை கிழியும்.

சுமை இருந்தால் 123ஆம் எண் பேருந்துதான் எங்கள் முதல் தேர்வு. ஹார்பர்ஃபிரண்ட் நிறுத்தத்தில் ஏறினால் ரிசார்ட்ஸ் வேர்ல்டு வழியாக பீச் நிலையம் வரை வரும். தீவுக்குத் தனி நுழைவுக் கட்டணம் கிடையாது, அட்டையைத் தட்டி ஏறினால் பேருந்துக் கட்டணம் ஒன்றரை வெள்ளிக்குள். பீச் நிலையத்திலிருந்து விடுதிப் பக்கம் போகத் தீவின் உள் பேருந்துகள் இலவசம். இறங்கும்போது அட்டையைத் தட்ட மறந்தால் மட்டும் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணத்தைப் பிடித்துவிடுவார்கள்.

டாக்ஸியை வசதியானவர்கள் சமாசாரம் என்று தள்ளிவிட வேண்டாம். நால்வர் எக்ஸ்பிரஸில் உள்ளே வர 16 வெள்ளி. விவோசிட்டியிலிருந்து மீட்டர் கட்டணமும் தீவு வாசலில் பிடிக்கும் நுழைவுத் தொகையும் சேர்ந்தாலும், நெரிசல் நேரம் தவிர்த்தால், பெரும்பாலும் அதைத் தாண்டாது. விடுதி வாசலிலேயே இறங்கலாம். கேபிள் காரை மளிகைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், அது வேடிக்கை பார்க்க.

இனி எங்கே வாங்குவது? விவோசிட்டியில் ஃபேர்பிரைஸ் எக்ஸ்ட்ரா பெரிய கடை. பால், ரொட்டி, பழம், டயாபர் எல்லாம் அங்கேயே முடியும். தயிர் எடுக்கும்போது இனிப்பு சேர்க்காததா என்று பார்த்து எடுங்கள். சைவக்காரர்கள் நூடுல்ஸ், சம்பல் (மிளகாய் விழுது) பாக்கெட்டுகளை நம்பி எடுக்கக் கூடாது. காய்கறிப் படம் போட்டிருந்தாலும் உள்ளே இறால் விழுது இருக்கும், பொருள் பட்டியலைப் படித்தே ஆக வேண்டும்.

நம்ம ஊர்ச் சாமான் வேண்டுமென்றால் தேக்கா. ஹார்பர்ஃபிரண்டிலிருந்து வடகிழக்குத் தடத்தில் ரயில் மாறாமல் ஐந்தாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. ‘சி’ வாசல் வழியாக மேலே வந்தால் எதிரே தேக்கா சந்தை. காலையில் போங்கள், மதியத்துக்குள் காய்கறி, மீன் விற்கும் ஈரச்சந்தை ஓய்ந்துவிடும். அடுத்த நிறுத்தம் ஃபேரர் பார்க், முஸ்தபா என்ற பெரிய கடைக்கு அங்கே இறங்குவதுதான் கிட்டம். முறுக்கு முதல் சூட்கேஸ் வரை எல்லாம் ஒரே கூரைக்குள் கிடைக்கும், ஆனால் ஒரு மணி நேரம் என்று போனால் மூன்று மணி நேரம் பிடிக்கும். ஞாயிறு மாலை விடுப்பில் வரும் தொழிலாளர் கூட்டத்தில் அந்தப் பகுதியே நிரம்பி வழியும், குழந்தைகளோடு போக உகந்த நேரமல்ல. டுரியான் பழத்தை மட்டும் வாங்கிய இடத்திலேயே தின்றுவிடுங்கள், எம்ஆர்டியில் தடை.

திரும்பும்போது ஒரு சின்ன லாபம் உண்டு. எம்ஆர்டியில் வெளியேறி 45 நிமிடத்துக்குள் அதே அட்டையால் பேருந்தில் ஏறினால் இரண்டும் ஒரே பயணமாகக் கணக்காகும். ஆக, தேக்காவிலிருந்து வந்து ஃபேர்பிரைஸில் அரை மணி நேரத்தில் பாலை எடுத்துக்கொண்டு 123ஐப் பிடித்தால் புதிதாகக் கட்டணம் தொடங்காது. ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். இந்திய வங்கியின் விசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தட்டினால் பயணம் செய்யும் நாளுக்கு 60 காசு (சென்ட்) கூடுதலாகப் போகும். குடும்பமாகச் சில நாள் சுற்றுபவர்களுக்கு முன்பணம் போட்டுப் பயன்படுத்தும் ஈசிலிங்க் பயண அட்டை கட்டுப்படியாகும்.

பையை ஊரிலிருந்தே கொண்டு போங்கள். 2023 ஜூலை முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு. காசு போவதைவிட, பிளாஸ்டிக் பைகளின் பிடி உள்ளங்கையை அறுப்பதுதான் தொல்லை. தண்ணீர்ப் பாட்டில்களைச் சுமக்காதீர்கள், குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். அந்த எடை கழிந்தாலே பாதி சுமை குறையும்.

கடைசி வழி, அறையில் இருந்தபடியே கிராப் போன்ற செயலியில் வரவழைப்பது. மழை நாளுக்கும் இரவு நேரக் காய்ச்சல் மருந்துக்கும் இதை மிஞ்ச முடியாது. கொண்டு வருபவர் பெரும்பாலும் முன்கூடத்தில்தான் தருவார். விடுதியின் முழுப் பெயரைப் போடுங்கள், ஒரே நிறுவனத்துக்கு அடுத்தடுத்து இரண்டு மூன்று விடுதிகள் இருக்கும் தீவில் பனிக்கூழ் தப்பான வாசலில் உருகிக்கொண்டிருக்கும்.