சிபிஎஸ்இ தேர்வுச் சேவை: டெல்லி முதல் துபாய் வரை

1929இல் ராஜபுதனப் பகுதிக்கான வாரியமாகத் தொடங்கி, 1952இல் இன்றைய பெயரைப் பெற்ற மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சிபிஎஸ்இ), இந்தியாவுக்கு வெளியேயும், குறிப்பாக வளைகுடா நாடுகளில், ஏராளமான பள்ளிகளுக்குத் தேர்வு நடத்துகிறது. பெற்றோரின் வேலை மாற்றத்தால் ஊர் திரும்பும் பிள்ளைகள் அதே பாடத்திட்டத்தில் படிப்பைத் தொடர முடிவதே இதன் பெரும்பயன்.

இந்தியாவில் 10.15க்கு வினாத்தாளைத் தந்து, படித்துப் பார்க்க 15 நிமிடம் விட்டு, 10.30க்கு எழுதத் தொடங்கும்போது அமீரகத்தில் காலை 9 மணி. அங்குள்ள பிள்ளைகள் விடியலிலேயே கிளம்ப வேண்டியிருப்பது சற்றுச் சிரமம்தான்.

மதிப்பெண்ணில் ஐயம் எழுந்தால் என்ன செய்வது என்பதில்தான் வாரியம் உருப்படியாக மாறியிருக்கிறது. முன்பு கூட்டல் சரிபார்ப்புக்கு விண்ணப்பித்த பிறகே விடைத்தாள் நகலைக் கேட்க முடியும். 2025 முதல் நகலை முதலில் பெற்று, எந்த விடைக்கு எவ்வளவு வழங்கப்பட்டது என்று பார்த்துவிட்டு மறுமதிப்பீடு கோரலாம். கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டும் நிலை இதனால் நீங்கியது. ஆயினும் ஒவ்வொரு படிக்கும் தனிக் கட்டணம் உண்டு, கெடுவும் குறுகியது, மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறையவும் கூடும் என்பதைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை.

2026 முதல் பத்தாம் வகுப்புக்கு இரண்டாவது தேர்வும் உண்டு. மூன்று பாடங்கள் வரை மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள முயலலாம். கல்லூரிச் சேர்க்கையையே தீர்மானிக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கு இந்த ஏற்பாட்டை விரிவுபடுத்தாதது எனக்கு விளங்கவில்லை. மதிப்பெண் பட்டியலை, அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் இறக்கிக்கொள்ளும் வசதி, அச்சுப்படிக்குக் காத்திருக்கும் வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு மிகவும் உதவுகிறது.