பழைய சிப்புக்கு மாற்று போர்டு: எந்தப் பின் வாங்கலாம்?

1982-இல் வெளிவந்த கொமடோர் 64 கணினியில் அடிக்கடி பழுதாகும் சிப் என்று பெயரெடுத்தது பிஎல்ஏ, அதாவது எந்த நேரத்தில் எந்த நினைவகச் சிப் பேச வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சிப். 906114-01 என்று எண் போட்ட, 28 கால் கொண்ட அகலமான சிப் அது. அந்த இடத்தில் எக்ஸ்சி9572எக்ஸ்எல் மாதிரியான ஒரு சிபிஎல்டியை (நமக்கு வேண்டியபடி நிரல் எழுதி வேலை மாற்றக்கூடிய சிப்) வைத்துச் சிறிய போர்டு செய்து செருகிவிடலாம். சர்க்யூட்டை எல்லாரும் கவனமாகப் போடுகிறார்கள், பின்னை மட்டும் கைக்குக் கிடைத்ததில் எடுத்துவிடுகிறார்கள். கெட்டுப்போவது போர்டு இல்லை, அடியில் இருக்கும் நாற்பது வருடப் பழைய ஐசி பேஸ், அதாவது சிப்பைச் செருகும் சாக்கெட். அதனால் இங்கே ஒவ்வொரு வகைப் பின்னையும் அந்த பேஸின் பக்கம் நின்று பார்த்திருக்கிறோம்.

முதலில் அளவு. அசல் சிப்பின் கால் தட்டையானது: அகலம் சுமார் 0.46 மி.மீ., தடிமன் சுமார் 0.25 மி.மீ. கால்களுக்கு இடையே 2.54 மி.மீ., வரிசைகளுக்கு இடையே 15.24 மி.மீ. சாதாரண பேஸின் ஒவ்வொரு துளைக்குள்ளும் இரண்டு மெல்லிய தகடுகள் நின்று, அந்த 0.25 மி.மீ. தடிமனை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும். தகடு வளைந்து திரும்பும் வரைதான் அது வில். அளவு மீறி வளைத்தால் வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும்.

இப்போது பெர்க் ஸ்ட்ரிப், அதாவது வரிசையாகச் சதுரப் பின்கள் குத்திய பிளாஸ்டிக் பட்டை. எந்த மின்னணுக் கடையிலும் கிடைக்கும், விலையும் மிகக் குறைவு. ஆனால் அதன் பின் 0.64 மி.மீ. சதுரம். அசல் காலைப் போல இரண்டரை மடங்கு தடிமன் அந்தத் தகடுகளுக்கு நடுவே போகிறது. செருகிய அன்று நன்றாகவே வேலை செய்யும், இறுக்கமாகவும் இருக்கும். ஏமாற்றுவதே அந்த இறுக்கம்தான். பின்னாளில் அதைக் கழற்றிவிட்டு அசல் சிப்பைப் போட்டால் கால்கள் தொட்டும் தொடாமலும் ஆடும். திரை சில சமயம் வரும், சில சமயம் கறுப்பாகவே நிற்கும். அப்போது நல்ல சிப்பைக் கெட்டது என்று தூக்கிப்போடுகிறவர்களும் உண்டு. நீளமும் பொருந்தாது. பெர்க் பின் கீழே சுமார் 6 மி.மீ. நீளும், சிப்பின் கால் 3 மி.மீ.க்குச் சற்று மேல்தான். வெட்டாமல் செருகினால் நுனி அடியில் முட்டி போர்டு மேலே தூக்கி நிற்கும். வெட்டினால் வெட்டிய முனையின் பிசிறு தகட்டின் முலாமைச் சுரண்டும். பிரெட்போர்டுக்கு இது அருமையான பொருள், பழைய பேஸுக்கு வேண்டாம்.

ரவுண்ட் பின் ஸ்ட்ரிப்தான் பெரும்பாலானவர்களுக்கு எங்கள் பரிந்துரை. கடைந்து செய்த உருண்டைப் பின், நுனி சுமார் அரை மி.மீ. விட்டம். மில்-மேக்ஸ் போன்ற நிறுவனங்களின் சரக்கு நேர்த்தியாக இருக்கும். பெர்க்கை விடப் பல மடங்கு விலை. வாங்கும்போது இரண்டு பக்கமும் ஆண் பின்னாக இருக்கும் ஸ்ட்ரிப்பா என்று பாருங்கள். ஒரு பக்கம் குழியாக இருப்பது பேஸ் ஸ்ட்ரிப், அது இதற்கு உதவாது. சிலவற்றில் ஒரு முனை தடிமனாகவும் மறுமுனை மெல்லியதாகவும் இருக்கும். தடிமனான முனை போர்டுக்குள், மெல்லியது பேஸுக்குள். மாற்றிப் போட்டால் பெர்க் செய்யும் அதே சேதம்தான். போர்டு வரையும் முன்பே பின்னை வாங்கி காலிப்பரில் அளந்து, துளையை அதைவிட 0.2 முதல் 0.3 மி.மீ. பெரிதாக வையுங்கள். பெர்க்குக்கு வழக்கமான 1 மி.மீ. துளையில் மெல்லிய பின்னைச் செருகினால் அது சாய்ந்து நிற்கும்.

குறையும் உண்டு. தகடு பேஸில் உருண்டைப் பின் கோடாக மட்டுமே தொடும், தகட்டை அசல் காலைவிட அதிகமாகவும் விரிக்கும். ஏற்கெனவே தளர்ந்த பேஸை இது காப்பாற்றாது. பல கொமடோர்களில் பிஎல்ஏ நேராகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதானால் ரவுண்ட் பின் பேஸே போடுங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும். அதற்குள் சதுரப் பின்னைத் திணிக்கவே கூடாது. அதன் மூலைக்கு மூலை அளவு 0.9 மி.மீ.

அசல் காலுக்கு மிக நெருக்கமானது போர்டின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும் தட்டைக் கால்கள். பேட்டன் அண்டு ஆலன் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. போர்டின் தடிமனுக்கும் அகலத்துக்கும் ஏற்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்து போர்டு செய்பவருக்குச் சில்லறையில் கிடைப்பது கடினம், நூற்றுக்கணக்கில் செய்பவர் இதைத்தான் எடுக்க வேண்டும்.

பெர்க் பின்னோடு போர்டு ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதா? நடுவில் ஒரு மலிவான தகடு பேஸை வையுங்கள். அதன் அடிக்கால்கள் தட்டையானவை, பழைய பேஸை நோகடிக்காது. விரிவது நடுவில் இருப்பது மட்டுமே. உயரம் கூடும், மேலே கவசத்தகடு இருந்தால் இடிக்கிறதா என்று பாருங்கள்.

தங்க முலாம் என்றதும் கூடுதலாகக் கொடுக்கத் தோன்றும். பழைய பேஸின் தொடுபரப்பு வெள்ளீயமாக இருந்தால் வெள்ளீய முலாம் பூசிய பின்னே நல்ல ஜோடி. தங்கமும் வெள்ளீயமும் சேரும் இடத்தில் சிறு அசைவுகளால் வெள்ளீயம் தேய்ந்து ஆக்சைடு படியும். தங்கத்துக்குத் தங்கம் சரி.

பற்றவைக்க, இரண்டு 14 பின் துண்டுகளை ஒரு உதிரி ரவுண்ட் பின் பேஸில் செருகி, மேலே போர்டை வைத்து 1, 14, 15, 28 ஆகிய நான்கு மூலைப் பின்களை மட்டும் முதலில் பற்றவையுங்கள். கணினியில் இருக்கும் பேஸையே அச்சாக வைத்துப் பற்றவைக்காதீர்கள். சமமாக உட்கார்ந்திருந்தால் மற்றவற்றை முடிக்கலாம். ஒரு பின்னுக்கு இரண்டு, மூன்று விநாடி போதும். சூடு நீடித்தால் பிளாஸ்டிக் இளகிப் பின் சாயும். ஈயம் மெல்லிய முனைக்கு வழிந்துவிட்டால் அந்தப் பின் மறுபடி தடித்துவிடும், உறிஞ்சு கம்பியால் துடைத்து எடுங்கள். செருகும் முன் பேஸின் 28-க்கும் 14-க்கும் இடையே 5 வோல்ட் வருகிறதா என்று அளந்து, மின்சாரத்தை நிறுத்திய பிறகே போர்டை உள்ளே அழுத்துங்கள்.