டிஜிலாக்கர், எம்ஆதார், பிவிசி அட்டை: அன்றாடத்துக்கு எது?

வீட்டில் எல்லோருடைய அடையாள ஆவணங்களையும் ஒழுங்குபடுத்த வேண்டி வந்தபோது என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பர்ஸில் பிவிசி (பிளாஸ்டிக்) ஆதார் அட்டையும் ஓட்டுநர் உரிமமும் வைத்துக்கொள்வது, போனில் ஆதாருக்கான எம்ஆதார் ஆப்பை வைத்துக்கொள்வது, அல்லது பல ஆவணங்களையும் ஒன்றாக வைக்கும் அரசின் டிஜிலாக்கர் ஆப். மூன்றையும் புழங்கிப் பார்த்துவிட்டு, வெளியில் போகும்போது டிஜிலாக்கர் என்று முடிவு செய்தேன். எம்ஆதாரை ஒரே ஒரு வேலைக்காக வைத்திருக்கிறேன். அட்டை வீட்டு பீரோவில் இருக்கிறது. என் சாய்வு டிஜிலாக்கர் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ஆப் என்று அதையும் சொல்ல மாட்டேன்.

அட்டையைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. சார்ஜ் வேண்டாம், சிக்னல் வேண்டாம், யாரிடம் நீட்டினாலும் புரியும். நீட், டிஎன்பிஎஸ்சி மாதிரி தேர்வுகளுக்குப் போகிறவர்களுக்கு வேறு வழியே கிடையாது. போனையே உள்ளே விடாத தேர்வு அறையில் போனில் இருக்கும் ஆதாரால் என்ன பயன்?

அட்டையின் ஆபத்து தொலைந்துபோவதில் இல்லை, ஜெராக்ஸில் இருக்கிறது. லாட்ஜ், சிம் கடை, வாடகை ஒப்பந்தம் என்று போகிற இடமெல்லாம் ஒரு நகல் கொடுக்கிறோம். முழு எண், முகவரி, பிறந்த தேதி, படம் எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாள் கடைசியில் எங்கே போகிறது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவரும் கவலைப்படுவதில்லை. 2022 மே மாதம், ஆதாரை வழங்கும் அமைப்பான யுஐடிஏஐயின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலை யாரிடமும் கொடுக்காதீர்கள், எண்ணை மறைத்த ஆதாரைப் பயன்படுத்துங்கள் என்று ஓர் அறிவிப்பு விட்டது. தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது என்று சொல்லி மத்திய அரசு உடனே அதைத் திரும்பப் பெற்றது. அறிவிப்பு போனாலும் ஆலோசனை நல்லதுதான். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை யுஐடிஏஐ தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். நகல் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் அதைக் கொடுங்கள். எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை நகலின் மேலேயே எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடும் பழக்கத்தையும் விடாதீர்கள்.

இங்கே இன்னொன்று. இ-ஆதார் பிடிஎஃப்பை பிரிண்ட் எடுக்கக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறோம் இல்லையா, அதன் பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், பிறகு பிறந்த ஆண்டு. எல்லோருக்கும் இதே முறைதான். உங்கள் பெயரும் வயதும் தெரிந்த யாரும் அதைத் திறந்துவிட முடியும். கடைக் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பு அழிக்கப்படாமல் கிடந்தால், பூட்டு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

சரி, ஆப்களுக்கு வருவோம்.

எம்ஆதார் 2017-ல் யுஐடிஏஐ கொண்டுவந்தது. ஆதார் மட்டும்தான் அதில் இருக்கும். கியூஆர் காட்டலாம், 12 இலக்க ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்க 16 இலக்க மெய்நிகர் எண் எடுக்கலாம், நம் ஆதாரை எப்போது யார் சரிபார்த்தார்கள் என்ற வரலாற்றைப் பார்க்கலாம். இந்த வரலாற்றை அவ்வப்போது பார்ப்பது நல்ல பழக்கம். நாம் கேட்காத ஒரு சரிபார்ப்பு அதில் இருந்தால் உடனே கண்ணில் படும்.

நான் அதை வைத்திருப்பது பயோமெட்ரிக் பூட்டுக்காக. ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் ஏஇபிஎஸ் முறையில், வங்கிப் பிரதிநிதி வைத்திருக்கும் கருவியில் கைரேகை வைத்தால் போதும், ஓடிபி தேவையில்லை. பத்திரப்பதிவு ஆவணங்களில் இருக்கும் கைரேகைகளை எடுத்து, சிலிக்கானில் போலி ரேகை செய்து பணம் எடுத்த வழக்குகள் நாட்டில் பல இடங்களில் பதிவாகியிருக்கின்றன. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஆயிரம் முறை கேட்டிருக்கிறோம், ஆனால் இந்தத் திருட்டில் ஓடிபி என்ற பேச்சே இல்லை. எம்ஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிட்டால் யார் ரேகை வைத்தாலும் சரிபார்ப்பு நிராகரிக்கப்படும். நமக்கே தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறக்கலாம், பத்து நிமிடத்தில் தானாகவே பூட்டிக்கொள்ளும். பணம் செலவில்லை. இதைவிடப் பெரிய பாதுகாப்பு வசதி இந்த மூன்று வழிகளில் எதிலும் இல்லை என்பது என் கருத்து. இது இருந்தும் பெரும்பாலானோர் பயன்படுத்துவதில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

ஆனால் அன்றாடம் கையில் வைத்திருக்க எம்ஆதார் போதவில்லை. போலீஸ் வண்டியை நிறுத்தினால் கேட்பது ஆதாரை அல்ல, லைசென்ஸையும் ஆர்சியையும் இன்சூரன்ஸையும்.

அங்கேதான் டிஜிலாக்கர் ஜெயிக்கிறது. 2015-ல் தொடங்கியது. அதில் வழங்கப்படும் ஆவணங்கள் அசலுக்குச் சமம் என்று 2017-ல் விதியிலேயே சேர்த்தார்கள். 2018-ல் மோட்டார் வாகன விதிகளையும் திருத்தி, லைசென்ஸ், ஆர்சியை மின்னணு வடிவில் காட்டினால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். அதே ஆண்டு ரயில்வேயும் டிஜிலாக்கரில் உள்ள ஆதாரையும் லைசென்ஸையும் ஏற்கத் தொடங்கியது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள் வரை எடுத்துக்கொள்ள முடிகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. டிஜிலாக்கரில் இரண்டு பகுதிகள். ஒன்றில் அரசுத் துறைகளிடமிருந்தே நேராக வந்து சேரும் ஆவணங்கள். இன்னொன்றில் நாமே படம்பிடித்து ஏற்றுபவை. சட்ட மதிப்பு முதல் பகுதிக்கு மட்டும்தான். லைசென்ஸை போட்டோ எடுத்து ஏற்றிவிட்டு, எல்லாம் டிஜிலாக்கரில் இருக்கிறது என்று தெம்பாகப் போகிறவர் ரயிலிலும் மாட்டிக்கொள்வார், ரோட்டிலும் மாட்டிக்கொள்வார்.

முதல் பகுதிக்குக் கொண்டுவருவதிலும் நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. இனிஷியல்! ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், லைசென்ஸில் முன்னால், மார்க் ஷீட்டில் புள்ளியோடு, இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக. பெயர் பொருந்தவில்லை என்று ஆப் கையை விரித்துவிடும். இதற்குக் குறுக்குவழி இல்லை, ஏதாவது ஓர் ஆவணத்தில் பெயரைத் திருத்தித்தான் ஆகவேண்டும். அவசரத்துக்கு முந்தின நாள் இதை ஆரம்பிக்காதீர்கள்.

இவ்வளவு வசதியைச் சொன்ன பிறகு, உண்மையில் முடிவைத் தீர்மானிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அது ஆப் அல்ல, உங்கள் செல்போன் எண்.

டிஜிலாக்கரோ எம்ஆதாரோ, இரண்டுக்கும் வாசல் ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு வரும் ஓடிபிதான். டிஜிலாக்கருக்குக் கூடுதலாக ஆறு இலக்கப் பின் உண்டு. அது நல்ல தடுப்பு. ஆனால் அந்தப் பின்னாகப் பிறந்த தேதியை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்! ஆக, பராமரிக்க வேண்டியது ஆப்பை அல்ல, எண்ணை. அட்டை வைத்திருப்பவருக்கு இந்தச் சுமை கிடையாது. போனுக்கு மாறுகிறவர் இதைத் தெரிந்துகொண்டு மாற வேண்டும்.

முதலில், எண்ணைச் சாக விடக் கூடாது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் துண்டிக்கப்பட்டு, குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுக்கப்படலாம். பழைய சிம் இரண்டாவது போனில் சும்மா கிடக்கிறது, ஆதாரில் இருப்பது அந்த எண்தான் என்றால், நாளைக்கு உங்கள் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். ஆதாரில் எண்ணை மாற்ற ஆதார் மையத்துக்குப் போகலாம். தபால்காரர் மூலம் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளும் சேவையும் 2021-லிருந்து இருக்கிறது. எண் மாறினால் வங்கிக்குச் சொல்வதற்கு முன்னால் ஆதாருக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது, போன் திருடு போனால் நடப்பது. போன் பூட்டியிருக்கிறது, கைரேகை இல்லாமல் திறக்காது என்று நிம்மதியாக இருப்போம். திருடன் போனைத் திறக்கவே மாட்டான். சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுவான், ஓடிபி அங்கே வரும். சிலருக்கு அதுகூட வேண்டாம், பூட்டிய திரையிலேயே குறுஞ்செய்தி முழுசாகத் தெரிகிற மாதிரி வைத்திருப்பார்கள். இதற்கு மருந்து சிம் பின். போன் அமைப்பில் பாதுகாப்புப் பகுதிக்குள் சிம் லாக் என்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால், சிம்மை வேறு போனில் செருகினாலும், அதே போனை அணைத்துத் திறந்தாலும் நான்கு இலக்கப் பின் கேட்கும். போடும்போது மட்டும் கவனம் வேண்டும். முதலில் நிறுவனம் வைத்திருக்கும் பின்னைக் கொடுத்துவிட்டுத்தான் நம் பின்னை வைக்க முடியும். தெரியாமல் ஊகித்து மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் எட்டு இலக்க பக் (PUK) எண் கேட்கும். அதையும் பத்து முறை தவறாகப் போட்டால் அந்த சிம் அவ்வளவுதான். கஸ்டமர் கேரில் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். பூட்டிய திரையில் செய்தி தெரியாதபடி மாற்றுவதையும் அப்போதே முடித்துவிடுங்கள்.

போன் போய்விட்டால் முதல் வேலை சிம்மை முடக்குவது. போலீஸ் புகாரும், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயை முடக்குவதும் அப்புறம். மாற்று சிம் வாங்கினாலும் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது, அதனால் அந்த ஒரு நாளைக்கு ஆப் இல்லாமல் சமாளிக்க வேண்டியிருக்கும். பீரோவில் அட்டை இருப்பது இதற்காகத்தான். இன்னொரு பக்கம், டிஜிலாக்கரின் அருமை புரிவதும் அதற்கடுத்த நாளில்தான். புது போன், அதே எண், உள்ளே நுழைந்தால் எல்லா ஆவணமும் அப்படியே இருக்கும். பர்ஸ் தொலைந்தவர் லைசென்ஸுக்கும் ஆர்சிக்கும் தனித்தனியாக அலைய வேண்டும்.

இ-சிம் என்றால் கழற்றவே முடியாது, அந்த வகையில் நல்லது என்று தோன்றுகிறது. நான் அதைப் புழங்கியதில்லை, அதனால் பரிந்துரைக்கத் துணிவில்லை.

மூன்றாவது, எண்ணும் சிம்மும் பத்திரமாக இருந்தும் ஓடிபி திருடு போகும் வழி. போக்குவரத்து அபராதம் கட்டவில்லை என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு, வரும். அரசு ஆப் மாதிரியே பெயரும் படமும் இருக்கும். நிறுவினால் குறுஞ்செய்தி படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வரும் ஓடிபி எல்லாம் அதை அனுப்பிய திருடனுக்கும் போய்ச் சேரும். அடையாள ஆப்களை ஆப் ஸ்டோரில் மட்டும், வெளியிட்டவர் பெயரைப் பார்த்து நிறுவுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் எந்த ஏபிகேயையும் தொடாதீர்கள், அண்ணன் தம்பி அனுப்பினாலும் சரி.

ஆப்பிலேயே ஓட்டை இருந்தால்? 2020-ல் டிஜிலாக்கரில் அப்படி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஓடிபி சரிபார்க்கும் முறையில் இருந்த குறையால், பாஸ்வேர்ட் இல்லாமலே மற்றவர் கணக்கில் நுழைய வாய்ப்பிருந்தது என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் தெரிவித்து, பிறகு அது சரிசெய்யப்பட்டது. எல்லா ஆவணத்தையும் ஒரே வாசலுக்குள் வைப்பதன் விலை இது. எம்ஆதாரில் கதவு திறந்தால் ஆதார் ஒன்றுதான் போகும், இங்கே மார்க் ஷீட் வரை போகும். இதை மறைத்துவிட்டு டிஜிலாக்கரைச் சிபாரிசு செய்ய எனக்கு மனசில்லை. நான் செய்வது, நாமே ஏற்றும் பகுதியைக் காலியாக வைப்பது. சொத்துப் பத்திரம், வங்கிப் புத்தகம், பாஸ்வேர்ட் எழுதிய தாள் எதையும் அங்கே போடுவதில்லை. எந்தெந்த ஆப்களுக்கு ஆவணங்களைப் பார்க்க அனுமதி கொடுத்திருக்கிறேன் என்று பார்த்து, கடன் ஆப், முதலீட்டு ஆப் என்று ஒருமுறை கேஒய்சிக்காக (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) கொடுத்த அனுமதிகளை ரத்து செய்துவிடுகிறேன்.

2025 நவம்பரில் யுஐடிஏஐ புதிய ஆதார் ஆப் ஒன்றையும் வெளியிட்டது. முழு ஆதாரையும் காட்டாமல் தேவையான விவரத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பகிரலாம் என்பது அதன் முக்கிய அம்சம். ஜெராக்ஸ் தொல்லைக்குச் சரியான பதில் அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் எதிரில் இருப்பவர் அதை ஏற்றுக்கொண்டால்தானே? லாட்ஜ் வரவேற்பறையில் அது எப்படி எடுபடுகிறது என்று எனக்கு இன்னும் அனுபவம் போதாது.

வயதானவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது. என் அம்மாவுக்கு அட்டையைத்தான் கொடுத்திருக்கிறேன். அவர் எண்ணுக்கு ஓடிபி வரவழைத்து பயோமெட்ரிக்கை மட்டும் பூட்டினேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. ரேஷன் கடையில் கைரேகை வைக்க வேண்டிய நாளில் பூட்டைத் திறந்துவிட வேண்டும். வரிசையில் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் மறுபடி பூட்டிக்கொள்ளும் என்பதால், அவர் முறை வரும்போது எனக்கு போன் செய்வார், நான் அப்போது திறந்துவிடுவேன்.