தொட்டியில் இளம் அழகு மரம்: தென்னை நார்க் கலவையா, பட்டைக் கலவையா?

இளம் மரத்தைத் தொட்டியில் வளர்க்கும்போது, எந்த உரம் என்பதை விட அது எந்தக் கலவையில் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி, ஏனென்றால் உரம் போடும் முறையையே கலவைதான் தீர்மானிக்கும்.

தென்னை நார்த்தூளும் மட்கிய உரமும் கலந்த கலவை லேசானது, ஈரத்தை நன்றாகப் பிடித்து வைக்கும், ஒருநாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் மரம் வாடாது. இதற்கு மெதுவாகக் கரையும் உர மணிகளை மேலே தூவினால் மூன்று நான்கு மாதத்துக்குக் கவலையில்லை (வெயில் கடுமையானால் சீக்கிரமே கரைந்துவிடும், அதனால் அளவைக் குறைத்தே போடுங்கள்). சிக்கல் அப்புறம்தான் வரும். ஓரிரு வருடத்தில் கலவை மட்கி அமுங்கி, வேருக்குக் காற்று போகாமல், அழுகல் தொடங்கிவிடும். கழுவாத நார்த்தூளில் உப்பும் இருக்கும்.

மரப்பட்டைத் துண்டும் பெர்லைட்டும் (காற்றோட்டம் தரும் லேசான வெள்ளைக் கல் துகள்) கலந்த கலவை நேர் எதிர். தண்ணீர் சட்டென்று இறங்கும், வேர் நன்றாகக் கிளைவிடும், ஆனால் சத்து தங்காது. வளரும் பருவத்தில் திரவ உரத்தைப் பாதி அளவுக்கு நீர்த்து வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ கொடுத்தே ஆக வேண்டும். கோடையில் தினமும் தண்ணீர் வேறு.

வடிகாலுக்காக அடியில் கல் அடுக்குவது இரண்டிலுமே வீண், ஈரம் கல்லுக்கு மேலேதான் தேங்கும்.

தினமும் தொட்டியைப் பார்க்க முடியும் என்றால் பட்டைக் கலவையே என் தேர்வு. அடிக்கடி வெளியூர் போகிறவர்கள் நார்க் கலவையில் கால் பங்கு பெர்லைட் சேர்த்துக்கொள்ளலாம்.