விண்டோஸ் டெர்மினல் 1.22: தமிழ்ச் சொற்பட்டியல்களோடு ஓராண்டுக்கும் மேலான பயன்பாடு

தமிழ்ச் சொற்பட்டியல்களைத் தொகுத்து, பிழை நீக்கி, சொற்களின் நிகழ்வெண்களைக் கணக்கிடுவது எனது அன்றாட வேலை. அந்த வேலையின் பெரும்பகுதி, கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் கட்டளைவரியில்தான் நடக்கிறது. கட்டளைவரிக்கான சாளரமாக, அதாவது முனையமாக, மைக்ரோசாஃப்ட் தரும் விண்டோஸ் டெர்மினலை 2020 மே மாதம் அதன் 1.0 பதிப்பு வந்ததிலிருந்தே பயன்படுத்தி வருகிறேன். இந்த ஆண்டுகளில் வந்த புதுப்பிப்புகளில் பல, கண்ணுக்கு அழகு சேர்த்தன அல்லது ஓரிரு விசை அழுத்தங்களைக் குறைத்தன. 2024 ஆகஸ்டில் முன்னோட்டமாக வெளியாகி, 2025 தொடக்கத்தில் நிலைப்பதிப்பாக வந்த 1.22 மட்டும், தமிழை முனையத்தில் படிக்கும் விதத்தையே மாற்றியது. ஓராண்டுக்கும் மேலாக நாள்தோறும் அதில் வேலை செய்த பிறகே இதை எழுதுகிறேன்.

அந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள, முனையம் எழுத்தை எப்படிப் பார்க்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். முனையத்தின் திரை ஒரு கட்டத்தாள் போன்றது. 1978-இல் வந்த விடி100 என்ற முனையக் கருவியின் காலத்திலிருந்து, ஒவ்வொரு குறியீடும் ஒரு கட்டத்தில் அமரும் என்பதே அதன் அடிப்படை. சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கு இரண்டு கட்டங்கள் என்ற விதி பின்னால் சேர்ந்தது. தமிழுக்கு இந்தக் கணக்கு பொருந்துவதில்லை. ‘கொ’ என்பது நமக்கு ஓர் எழுத்து. எழுத்துகளுக்குக் குறியீட்டெண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் அது ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். குறியீடு குறியீடாக எண்ணும் முனையம், இந்த இரண்டையும் தனித்தனியே எங்கே வைப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. யூனிகோட் அட்டவணையில் இகரக் குறி, இடம் எடுத்துக்கொள்ளும் குறி என்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் எடுக்காத குறிகள் என்ற வகையில் இருக்கின்றன. இந்த வகைப்பாட்டிலிருந்து அகலத்தைக் கணக்கிடும் நிரல்கள் ‘பி’க்கு இரண்டு கட்டங்களும், ‘பீ’க்கு ஒரே கட்டமும் ஒதுக்குகின்றன. கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே அகலமாகத் தெரியும் இரண்டு எழுத்துகள், கணக்கில் ஒன்றுக்கொன்று இரு மடங்காகிவிடுகின்றன. இடப்பக்கம் சொல்லும் வலப்பக்கம் எண்ணிக்கையுமாக ஒரு பட்டியலை அச்சிட்டால், எண்கள் நேர்க்கோட்டில் நிற்காமல் வரிக்கு வரி அலைவதற்கு இதுவும் ஒரு காரணம். எனது நிரலில்தான் பிழை என்று எண்ணி நான் பல மாலைகளைச் செலவிட்டிருக்கிறேன்.

1.22 பதிப்பு, குறியீடுகளைத் தனித்தனியே எண்ணுவதை விட்டு, பயனர் ஓர் எழுத்தாக உணரும் தொகுதியை ஓர் அலகாகக் கொள்கிறது. யூனிகோட் வழங்கும் எழுத்துத் தொகுதி விதிகளை அது பின்பற்றுகிறது. அதனால் வரியின் இறுதியில் ககரம் நின்று, அதன் உயிர்க்குறி அடுத்த வரிக்குத் தாவி ஒரு புள்ளி வட்டத்தோடு தனியே கிடக்கும் காட்சி எனது திரையிலிருந்து மறைந்தது. சுட்டெலியால் ஒரு சொல்லின் பாதியைத் தேர்ந்தெடுக்கும்போது எழுத்து நடுவே பிளவதில்லை. பழைய கட்டளைச் சாளரமான சிஎம்டியில் தட்டச்சு செய்யும்போது இடது அம்புக்குறி எழுத்து எழுத்தாக நகர்கிறது. நாளொன்றுக்குப் பல நூறு வரிகளைக் கண்ணால் மேய்பவருக்கு இவை சிறிய வசதிகள் அல்ல. எழுத்துக் கலைந்து தெரியும்போது அது கோப்பில் உள்ள பிழையா, திரையில் மட்டும் தெரியும் பிழையா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டியிருந்தது. அந்த ஐயம் இப்போது பெருமளவு நீங்கிவிட்டது.

ஆனால் முனையம் மட்டும் திருந்தினால் போதாது. முனையத்துக்குள் ஓடும் ஷெல் (கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரல்), உரைத்தொகுப்பி, பட்டியலிடும் நிரல் ஆகிய ஒவ்வொன்றும் தமக்கென ஓர் அகலக் கணக்கை வைத்திருக்கின்றன. இரு தரப்பும் ஒரே கணக்கைச் சொன்னால்தான் இடஞ்சுட்டி (கர்சர்) சரியான இடத்தில் நிற்கும். நான் லினக்ஸ் பக்கம் பயன்படுத்தும் ஷெல்லில் ‘கொ’வைக் கடக்க அம்புக்குறியை இப்போதும் இரண்டு முறை அழுத்துகிறேன். நான் நெடுங்காலமாக விரும்பிப் பயன்படுத்தும் ஓர் உரைத்தொகுப்பியில், நீண்ட தமிழ் வரியின் நடுவே திருத்தம் செய்தபோது இடஞ்சுட்டி ஓரிடத்திலும், விழுந்த எழுத்து வேறிடத்திலுமாக அமைந்தது. அதைக் கவனிக்காமல் சேமித்த ஒரு கோப்பில் பதினைந்து சொற்களைப் பின்னர் கையால் சரிசெய்தேன்.

இதற்கு மாற்று, அமைப்புகளிலேயே இருக்கிறது. உரையை அளக்கும் முறைக்கு மூன்று தெரிவுகள் தரப்பட்டுள்ளன: எழுத்துத் தொகுதி முறை, லினக்ஸ் உள்ளிட்ட யுனிக்ஸ் வகை நிரல்கள் வழக்கமாகப் பின்பற்றும் அகலக் கணக்கு முறை, பழைய விண்டோஸ் கன்சோல் முறை. முதலாவதுதான் இயல்பாக அமைந்திருக்கும். லினக்ஸ் நிரல்களோடு நெடுநேரம் வேலை செய்ய வேண்டிய நாள்களில் நான் இரண்டாவதற்கு மாறிக்கொள்கிறேன். மாற்றிய பின் எல்லாச் சாளரங்களையும் மூடித் திறக்கிறேன். எழுத்தின் தோற்றம் சற்றுக் குறைவுபட்டாலும், இடஞ்சுட்டி நம்பத் தகுந்ததாக இருக்கிறது. திருத்தும் வேலையில் எனக்கு அதுவே முக்கியம். படிக்கும்போது மட்டும் தொகுதி முறை.

க்ஷகரத்தைப் பற்றியும் ஒரு சொல். யூனிகோட் 15.1 பதிப்பு 2023-இல் வந்தபோது, கூட்டெழுத்துகளைப் பிரிக்காமல் வைக்கும் புதிய விதி தேவநாகரி, வங்காளம், மலையாளம், தெலுங்கு உள்ளிட்ட சில எழுத்து முறைகளுக்குச் சேர்க்கப்பட்டது. தமிழ் அதில் இல்லை. தமிழில் பெரும்பாலான மெய்ம்மயக்கங்கள் புள்ளியோடு தனித்தனி எழுத்துகளாகவே நிற்பதால் அந்த முடிவு சரியானதே. ஆனால் ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ ஆகியவை இவ்விதிகளின்படி இரண்டிரண்டு அலகுகளாகின்றன. வடசொற்கள் நிறைந்த பழைய பட்டியல்களில் வேலை செய்பவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்த பெரிய சேர்க்கை, சிக்சல் முறையில் படங்களைக் காட்டும் வசதி. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் தனது அச்சுப்பொறிகளுக்கும் முனையங்களுக்கும் 1980-களில் கையாண்ட பழைய முறை இது. செங்குத்தாக அமைந்த ஆறு புள்ளிகளை ஒரு எழுத்துக்குறியால் சொல்வதால் அந்தப் பெயர் வந்தது. முன்பெல்லாம் நிரலின் வெளியீட்டை இடையில் உள்ள கன்சோல் அடுக்கு முழுவதுமாகப் படித்து, தனது நினைவகத்தில் ஒரு திரையாக வரைந்து, பிறகு மீண்டும் கட்டளைக் குறிகளாக மாற்றி முனையத்துக்கு அனுப்பும். 1.22-இல் அந்த அடுக்கு திருத்தி எழுதப்பட்டு, குறிகள் பெரும்பாலும் நேரடியாகவே முனையத்தை அடைகின்றன. படங்கள் வரும் வழி திறந்ததும், மிகப் பெரிய பதிவுக் கோப்புகள் திரையில் விரைந்து ஓடுவதும் இதனால்தான்.

எனக்கு இது எதிர்பாராத பயனைத் தந்தது. மெய்ப்புப் பார்க்கும்போது, வருடிய பழைய பக்கத்தின் ஒரு துண்டை மேலே படமாகவும், அதிலிருந்து இயந்திரம் எடுத்த உரையைக் கீழே வரிகளாகவும் ஒரே சாளரத்தில் வைத்துக்கொள்கிறேன். ‘ள’வும் ‘ன’வும் குழம்பிய இடங்கள் உடனே கண்ணில் படுகின்றன. படமும் உரையோட்டத்தின் ஒரு பகுதியாகவே வருவதால், தொலைவில் உள்ள சேவையகத்தோடு எஸ்எஸ்ஹெச் என்னும் பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக இணைந்திருக்கும்போதும் தனி மென்பொருள் ஏதும் தேவைப்படவில்லை. நிகழ்வெண் வரைபடங்களை, வரைபடம் வரையும் நிரலான க்னூபிளாட்டிலிருந்து இதே முறையில் நேரே திரைக்கு அனுப்புகிறேன்.

அடிக்கடி பயன்படும் கட்டளைகளைச் சேமித்து வைக்கும் பலகமும் உதவியாக இருக்கிறது. வேலை செய்யும் அடைவிலேயே ஒரு சிறு கோப்பில் கட்டளைகளை எழுதி வைக்க முடிவதால், ஒவ்வொரு பட்டியலுக்கும் உரிய வரிசைப்படுத்தும் கட்டளை அதனோடு சேர்ந்தே பயணிக்கிறது. நிறுவப்படாத கட்டளையைத் தட்டினால் அதை எங்கிருந்து நிறுவலாம் என்று சொல்லும் குறிப்பை நான் அரிதாகவே பயன்படுத்தினேன்.

இதற்கு முந்தைய 1.21-இல் வந்த ஒரு வசதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முனையத்தை மூடித் திறந்தால், சாளர அமைப்போடு திரையில் இருந்த உரையும் திரும்ப வருகிறது. மின்தடைக்குப் பிறகு விட்ட இடத்தை நினைவுகூர இது எனக்கு நன்கு உதவியது. ஆனால் அந்த உரை வட்டில் கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. கடவுச்சொற்களோ அணுகல் சாவிகளோ திரையில் அச்சாகும் வேலை செய்பவர்கள், இதைத் தெரிந்துகொண்டே இந்த வசதியை இயக்க வேண்டும்.

எழுத்துருவைப் பொறுத்தவரை, டெர்மினலோடு உடன் வரும் காஸ்காடியா எழுத்துருவில் தமிழ் இல்லை. எழுத்துருப் பெயருக்கான இடத்தில் காற்புள்ளியிட்டு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களைத் தர முடிவதால், இரண்டாவதாக விண்டோஸில் உள்ள நிர்மலா எழுத்துருவைச் சேர்த்திருக்கிறேன். ‘ஞ’, ‘ண’, ‘ஔ’ போன்ற அகன்ற எழுத்துகள் சமக் கட்டங்களில் இன்னும் நெருங்கியே நிற்கின்றன. வரி உயரத்தை 1.4 ஆக உயர்த்தி, எழுத்தின் அளவை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிட இரண்டு புள்ளிகள் கூட்டியபின் கண் களைப்பு குறைந்தது. அச்சுக்குப் போகும் இறுதிப் பட்டியலை மட்டும் இப்போதும் விரிதாளில் திறந்து, ஒருமுறை முழுமையாகப் படித்த பிறகே அனுப்புகிறேன்.